மாண்டெல்லோவில் பார்த்த எட்டு சிலிண்டர் குட்ஸி: 500 சிசிக்கு எட்டு எதற்கு?

கடைசல்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வடக்கு இத்தாலியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். ரொம்ப நாள் ஆசை, போன மாதம்தான் நிறைவேறியது. லெக்கோவில் ரயில் ஏறி மாண்டெல்லோ டெல் லாரியோவில் இறங்கினேன். ஒரு பக்கம் கோமோ ஏரி, மறுபக்கம் மலை, இடையில் மோட்டோ குட்ஸி மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை. அருங்காட்சியகம் அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது.

எல்லா வண்டியையும் பொறுமையாகப் பார்ப்பதாகத்தான் திட்டம். ஆனால் 1955-57 காலத்து எட்டு சிலிண்டர் ரேஸ் வண்டி முன்னால் போய் நின்றவன் அங்கேயே நின்றுவிட்டேன். காவலர் இரண்டு தடவை செருமினார். நான் அசையவில்லை.

மொத்தமே 499 சிசி. அதை எட்டாகப் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 62 சிசி வருகிறது. சிலிண்டர் துளை 44 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், 41. இங்கே நின்றுகொண்டே காபி குடிக்கும் அந்தச் சின்னக் கோப்பை இருக்கிறதே, ஏறக்குறைய அந்த அளவு பிஸ்டன். இரண்டு வரிசை சிலிண்டருக்கும் இடையில் எட்டு டெல்லோர்ட்டோ கார்புரேட்டர், ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர், என் கட்டைவிரல் நுழையும் அளவு. பதினாறு வால்வு, அவற்றைத் திறக்க நாலு கேம் ஷாஃப்ட். இத்தனையும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் இரண்டு காலுக்கு நடுவே! தண்ணீரில் குளிரும் இன்ஜின் வேறு.

என் தொழில் புத்தி என்ன சொல்கிறது என்றால், எட்டு சிலிண்டர் என்பது எட்டு தடவை தப்பு செய்ய வாய்ப்பு. அதே 500 சிசி பந்தயத்தில் நார்ட்டன்காரர்கள் ஒரே சிலிண்டரை வைத்துக்கொண்டு ஓடினார்கள். அப்படி இருக்க, இது கணக்குப் பார்த்துச் செய்ததா, அல்லது நம்மாலும் முடியும் என்று காட்டுவதற்காகச் செய்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

சிவப்பு டேங்க்:

வீம்புதான், வேறென்ன. அந்த வண்டி ஒரு உலக சாம்பியன்ஷிப்பாவது வாங்கியதா? இல்லை. இன்னொரு இத்தாலியக் கம்பெனி எம்வி அகுஸ்டாவைப் பாருங்கள். 500 பிரிவில் 1958 முதல் 1974 வரை பதினேழு வருடம் தொடர்ந்து அவர்கள் வண்டியில் ஓடியவர்தான் சாம்பியன். அவர்களுக்கு ஓட்டிய அகோஸ்டினி ஒருவர் மட்டும் அதில் ஏழு, 1966 முதல் 72 வரை. அதுவும் எத்தனை சிலிண்டரில்? மூன்று! நாலு சிலிண்டர் கையில் இருந்தும் ஒன்றைக் குறைத்தார்கள். ஒடுக்கமாக, லேசாக, சொன்ன பேச்சு கேட்கும் வண்டி. எட்டெல்லாம் அருங்காட்சியகத்துக்குத்தான் லாயக்கு.

பெவல் கியர்:

சிவப்பு டேங்க் தம்பி, அந்தப் பதினேழில் முதல் சில வருடம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1957 முடிவில் குட்ஸி, ஜிலேரா, மொண்டியால் என்ற மூன்று இத்தாலியக் கம்பெனிகளும் சேர்ந்து கிராண்ட் பிரீயிலிருந்து விலகின. எம்வியும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் மனதை மாற்றிக்கொண்டது. எதிராளி எழுந்து போன பந்தியில் யார் முதலில் சாப்பிட்டு முடித்தார் என்று என்ன பேச்சு. அகோஸ்டினியைக் குறை சொல்லவில்லை, அது வேறு கதை.

கடைசல்காரன், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் போலோஞ்ஞா பக்கம் பழைய வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். எட்டு சிலிண்டரைக் கையால் தொட்டதில்லை. ஆனால் கணக்குப் போடக் காகிதம் போதும்.

ஒரு பெட்ரோல் இன்ஜினில் சக்தி வேண்டும் என்றால் நிறையக் காற்று உள்ளே போக வேண்டும். கொள்ளளவு 500 என்று விதி கட்டிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே வழி, அந்த 500-ஐ நிமிடத்துக்கு எத்தனை தடவை நிரப்பிக் காலி செய்கிறோம் என்பது. அதாவது சுழற்சி வேகம். அதைத் தடுப்பவை இரண்டு: பிஸ்டன், வால்வு.

பிஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். நார்ட்டன் மாங்க்ஸ் ஒற்றை சிலிண்டரின் ஸ்ட்ரோக் 85.6 மில்லிமீட்டர். 7,000 சுற்றில் அதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. ஜிலேரா நாலு சிலிண்டருக்கு ஸ்ட்ரோக் 58.8. அது 10,500 சுற்றில் கிட்டத்தட்ட அதே இருபதைத் தொடும். அந்தக் காலத்து உலோகத்துக்கும் எண்ணெய்க்கும் அந்த இருபதுதான் கிட்டத்தட்ட எல்லைக்கல். இப்போது உங்கள் குட்ஸி: 41 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 12,000 சுற்று. கணக்குப் போட்டால் 16.4 மீட்டர் வருகிறது. மற்றவர்கள் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்க, இது வேட்டியை மடித்துக் கட்டாமலே நடந்து போகிறது! அந்த நடையிலேயே 78 குதிரைத்திறன். நார்ட்டன் ஐம்பதை ஒட்டித் திணறிக்கொண்டிருந்த காலம் அது. பிஸ்டன் கணக்கை மட்டும் பார்த்தால் 15,000 வரை இடம் இருந்தது.

எட்டு சின்ன பிஸ்டனின் தலைப்பரப்பைக் கூட்டினால் 121 சதுர சென்டிமீட்டர் சொச்சம். நார்ட்டனின் ஒற்றைப் பிஸ்டனுக்கு 58. கொள்ளளவு ஒன்றுதான், ஆனால் வால்வு வைக்க இடம் இரண்டு மடங்குக்கு மேல். வால்வும் அப்படித்தான். அளவைப் பாதியாக்கினால் எடை எட்டில் ஒன்றாகிவிடும். லேசான வால்வை மூடச் சின்ன ஸ்பிரிங் போதும். ஆகவே வீம்பு இல்லை. குட்ஸியின் பொறியாளர் ஜூலியோ சேசரே கார்கானோ கணக்குப் போட்டுத்தான் வரைந்தார்.

கணக்கு இடித்த இடம் கிராங்க் ஷாஃப்ட். எட்டு கனெக்டிங் ராடையும் தாங்கும் அந்தத் தண்டும் அதன் பேரிங்கும்தான் தொல்லை கொடுத்தன. 1957 ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தில் டிக்கி டேல் இந்த வண்டியில் நாலாவதாக வந்தார். அதில் ஒரு சிலிண்டர் நின்றுபோய் ஏழில்தான் வந்தார் என்பதுதான் வேடிக்கை. அதே பந்தயத்தில் ஜிலேராவில் பாப் மெக்கின்டயர் முதல்முறையாக ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேல் முடித்தார். இரண்டுமே இத்தாலிய வண்டி. அந்த வருடத்தோடு கடை மூடியது.

இதெல்லாம் சரி. ஆனால் உங்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல். எட்டு சிலிண்டர் முன்னால் அவ்வளவு நேரம் நின்றீர்களே, குட்ஸி 350 ஒற்றை சிலிண்டரைப் பார்த்தீர்களா?

அதே கார்கானோ, அதே தொழிற்சாலை, அதே வருடங்கள். சிலிண்டர் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். 1957 வண்டியின் எடை 98 கிலோ. நானும் என் கருவிப் பெட்டியும் சேர்ந்தால் அதைவிட அதிகம். 350 பிரிவில் 1953 முதல் 1957 வரை ஐந்து வருடமும் உலகப் பட்டம் அந்த ஒற்றைக்குத்தான்: ஆண்டர்சன் இரண்டு, லோமாஸ் இரண்டு, கடைசியில் கீத் கேம்ப்பெல். எதிரே நாலு சிலிண்டர் ஜிலேராவும் எம்வியும் நின்ற காலத்தில்! சக்தி நாற்பதுக்கும் கீழே. பின் எப்படி ஜெயித்தது? அவர் சக்தியைக் கூட்டவில்லை, செலவைக் குறைத்தார். எடையைச் சுரண்டினார். 1950-லேயே முழு வண்டியும் அதன் மேல் ஆளும் உட்காரும் அளவுக்குத் தொழிற்சாலைக்குள்ளேயே காற்றுக்குகை கட்டிவிட்டார்கள். அதில் ஃபேரிங்கை, அதாவது காற்றை விலக்க வண்டியை மூடும் கூட்டை, வைத்து வைத்துத் திருத்தினார்கள். சிலிண்டர் படுத்திருப்பதால் வண்டி உயரம் குறைவு, காற்றைக் கிழிக்கும் முகமும் சின்னது.

அப்புறம் ஒரு விஷயம் செய்தார், அதுதான் எனக்கு உச்சம். கடைசி வருட வண்டிக்குத் துளை 80-இலிருந்து 75-ஆகக் குறைந்தது, ஸ்ட்ரோக் 69.5-இலிருந்து 79-ஆக நீண்டது. மேலே நான் எட்டு சிலிண்டருக்குச் சொன்ன கணக்குக்கு நேர் எதிர்த் திசை! சுழற்சி குறையட்டும், கீழிருந்தே இழுக்கட்டும், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஓட்டுபவர் கியருக்காகத் தவிக்க வேண்டாம் என்று. இந்த மேசையில் நீளமான ஸ்ட்ரோக், அந்த மேசையில் 41 மில்லிமீட்டர். ஒரே பென்சில்.

அதனால் எட்டு சிலிண்டரைப் பார்த்து வாய் பிளப்பவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்: சிலிண்டரை எண்ணாதீர்கள். அந்த மனிதர் பின்னாளில் பாய்மரப் படகு வரைந்தார். ஒற்றை சிலிண்டரைப் பார்த்தால் அது ஏன் என்று புரியும்.

கடைசல்காரன்:

அண்ணா, வெட்கமாக இருக்கிறது. ஒற்றை சிலிண்டரைக் கடந்துதான் போயிருப்பேன், கவனிக்கவில்லை. பிஸ்டன் வேகக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. இப்போது புதிதாக ஒரு சந்தேகம். வால்வைச் சின்னதாக்கினால் ஸ்பிரிங் பிரச்சினை குறையும் என்றீர்கள். போலோஞ்ஞாவின் டுகாட்டிக்காரர்கள் ஸ்பிரிங்கையே தூக்கிப் போட்டார்களே, அந்த டெஸ்மோ? அது எந்த அளவுக்கு நிஜமான பலன்? நீங்கள் இருப்பதே போலோஞ்ஞா பக்கம், கையால் செய்து பார்த்திருப்பீர்கள்.

பெவல் கியர்:

செய்து பார்த்தேனா! அதில் ஒரு நாள் முழுக்க அழுதிருக்கிறேன்.

முதலில் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண இன்ஜினில் கேம் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். சுழற்சி ஏற ஏற ஸ்பிரிங்குக்கு நேரம் போதாது. வால்வு பாதி வழியில் மிதக்கும். மிதக்கிற வால்வை மேலே வரும் பிஸ்டன் இடிக்கும். நேர்ச்சாலையில் முழு வேகத்தில் போகும்போதைவிட, வளைவுக்கு முன்னால் அவசரத்தில் ஒரு கியர் கூடுதலாக இறக்கிவிடும்போதுதான் இது அதிகம் நடக்கும். அந்த அரை நொடியில் இன்ஜின் எல்லை தாண்டிச் சுற்றிவிடும். டெஸ்மோவில் மூடுவதற்கும் தனிக் கேம், வால்வை அசைக்கும் தனி நெம்பு, அதாவது ராக்கர். திறப்பதும் மூடுவதும் இரும்பின் கட்டளை. மிதக்க வழியே இல்லை.

இதை டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தால்யோனி கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள், தப்பு. யோசனை பழையது, 1954 மெர்சிடஸ் பந்தயக் காரிலேயே இருந்தது. 125 சிசி ஒற்றை சிலிண்டரில் அதை நம்பகமாக ஓட வைத்ததுதான் தால்யோனியின் வேலை. அந்தத் தலையில் மூன்று கேம் ஷாஃப்ட். ஓரத்து இரண்டும் ஆளுக்கொரு வால்வைத் திறக்கும், நடுவில் இருப்பது இரண்டையும் மூடும். 1956 ஜூலையில் ஸ்வீடனில் ஹெடிமோராவில் முதல் பந்தயம். ஜான்னி டெலி அந்தோனி ஓட்டினார், முதல் பந்தயத்திலேயே வெற்றி. பாவம், அடுத்த சில வாரத்தில் மோன்ஸாவில் பயிற்சியின்போது இறந்துவிட்டார். அந்த அடியிலிருந்து எழ டுகாட்டிக்கு நாளானது. 1958-இல் அதே மோன்ஸாவில் 125 பிரிவில் முதல் ஐந்து இடமும் டுகாட்டி.

இப்போது என் அழுகை. 1968-இல் இந்த டெஸ்மோ சாலை வண்டிக்கும் வந்தது, மார்க் 3 டி என்று. அதில் 350 ஒன்று எங்கள் பட்டறைக்கு வால்வு இடைவெளி பார்க்க வந்தது. நான் சேர்ந்து இரண்டாவது வருடம். இதில் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடைவெளி பார்க்க வேண்டும். திறக்கும் பக்கத்துக்கு வால்வுத் தண்டின் நுனியில் ஒரு தொப்பி, மூடும் பக்கத்துக்குக் கழுத்தில் ஒரு காலர். அந்தக் காலர் மேலே கழன்று வராமல் பிடித்திருப்பது இரண்டு அரைவளையம். வெட்டிப் போட்ட நகத்துண்டு போல, கம்பியில் செய்தது. மூடும் ராக்கரை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அரைவளையத்தை எடுத்து, காலரைக் கழற்றி, உரசுகல்லில் ஒரு துளி தேய்த்து, திரும்பப் போட்டு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்து, திருப்தி இல்லையென்றால் மறுபடியும்.

வால்வை ஸ்பிரிங் நேராகப் பிடிக்காததால் ஒரு ஆபத்து உண்டு. அரைவளையத்தை எடுத்துவிட்டால் வால்வைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. பிஸ்டன் மேலே நிற்கிறதா என்று பார்க்காமல் கை வைத்தால் வால்வு தொபக்கென்று சிலிண்டருக்குள் விழும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நான் பிஸ்டனை மேலே நிறுத்தியிருந்தேன். சொல்லிக் கொடுக்காதது இன்னொன்று. கேமைச் சுற்றும் பெவல் கியர் தண்டு ஒரு குழாய்க்குள் கீழேயிருந்து தலை வரை வருகிறது. தலையில் சிந்தும் எண்ணெய் வடிய வழி வேண்டுமே, அந்த வழியெல்லாம் திறந்தே கிடந்தது. என் விரலில் எண்ணெய். அரைவளையம் வழுக்கியது. ‘டிக்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் கீழே இன்னொரு ‘டிக்’, அப்புறம் அமைதி.

காந்தக் குச்சியை விட்டுத் துழாவினேன். தண்டும் கியரும் எஃகு, காந்தம் அதைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. கடைசியில் தலையைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கி, சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழ் பெவல் கியரின் இரண்டு பல்லுக்கு நடுவே அது பளபளவென்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்திருந்தால் பல் போயிருக்கும். எங்கள் மேஸ்திரி திட்டவில்லை. ஒரு பழைய துணியைக் கிழித்து என் கையில் கொடுத்தார், ஓட்டையை அடைத்துவிட்டு வேலை செய் என்பது போல. இன்றைக்கும் டெஸ்மோ தலையைத் திறந்ததும் நான் செய்யும் முதல் வேலை துணி திணிப்பதுதான்.

பலன் நிஜமா என்று கேட்டீர்கள். 1972 ஏப்ரல் 23, இமோலா 200 மைல். டுகாட்டி 750 டெஸ்மோவில் பால் ஸ்மார்ட் முதலாவது, புரூனோ ஸ்பஜ்ஜாரி இரண்டாவது. அகோஸ்டினி எம்வியில் வந்திருந்தார், முடிக்கவில்லை. அந்த டுகாட்டிகள் சாலை வண்டியின் சட்டத்திலேயே கட்டியவை, சென்டர் ஸ்டாண்டு மாட்டும் காது கூட வெட்டாமல் இருந்தது. இப்போதைய ஸ்பிரிங் எஃகுக்கு டெஸ்மோ அவ்வளவு அவசியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அன்றைய ஸ்பிரிங்குக்கு அவசியம்.

சிவப்பு டேங்க்:

அகோஸ்டினி முடிக்கவில்லை என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவிட்டீர்கள், நன்றி!

எனக்கு இவ்வளவு கணக்கு வராது, பெரியவரே. வாரானோவில் மே மாதம் பழைய வண்டிகளை ஓட்டிக் காட்டும் விழாவில் எம்வி மூன்று சிலிண்டரைக் கேட்டவன் நான். ஸ்டார்ட்டர் கிடையாது. இரண்டு பேர் தள்ள, ஓட்டுபவர் பக்கவாட்டில் தாவி உட்கார, மூன்று குழாயும் ஒரே சமயம் கிழிந்தது. அழகான ஓசை என்றெல்லாம் சொல்லமாட்டேன். பக்கத்தில் நின்றால் பல் கூசும். தூரத்தில், கடைசி வளைவிலிருந்து திரும்பும்போது மட்டும் ஒரு நொடி நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயி போலக் கேட்கும். வண்டி போனபின் காற்றில் விளக்கெண்ணெய் கருகிய வாசனை. அந்தக் காலத்துப் பந்தய எண்ணெய் ஆமணக்கிலிருந்து வந்தது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தார்களே, அதேதான். ஊர் ஞாபகம் வந்து கண்ணில் தண்ணீர். புகையாகவும் இருக்கலாம்.

எட்டு சிலிண்டர் வீம்பு என்றதை வாபஸ் வாங்குகிறேன். கணக்கு சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கிராங்க் நிற்காத கணக்கு என்ன கணக்கு?

பெவல் கியர்:

அது நியாயமான கேள்வி. இன்னும் இரண்டு வருடம் கிடைத்திருந்தால் நின்றிருக்கும் என்பது என் கட்சி. கிடைக்கவில்லை. 1957-இல் ஃபியட் சின்ன 500 காரை இறக்கியது. மழையில் நனையாமல் குடும்பத்தோடு போக ஒன்று வந்துவிட்ட பிறகு மோட்டார் சைக்கிளை யார் வாங்குவார்? வண்டி விற்காத கம்பெனி எட்டு கார்புரேட்டருக்கு எங்கே போகும். முன்சக்கரத்தையும் மூடும் அந்த முழு ஃபேரிங்குக்கும் அதே வருடத்தோடு தடை வந்தது. காற்றுக்குகையில் பிசைந்த உருவமும் போச்சு.

கடைசல்காரன்:

இரண்டு பேருக்கும் நன்றி. இப்போதுதான் போனில் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். எட்டு சிலிண்டர் மட்டும் அறுபத்து மூன்று படம் எடுத்திருக்கிறேன். அதில் ஒன்றில், இடது ஓரத்தில், படுத்த சிலிண்டர் ஒன்றின் பாதியும் ஒரு முன்சக்கரமும் தெரிகிறது. மங்கலாக. ஃபோகஸ் முழுக்க கார்புரேட்டர் மேல் இருந்திருக்கிறது.

பெரிதாக்கிப் பார்த்தால் ஒற்றை மாதிரித்தான் இருக்கிறது அண்ணா. அடுத்த மாதம் மறுபடி ரயில் ஏறுகிறேன்.